பெஞ்சமின் ராபின்ஸ்

பெஞ்சமின் ராபின்ஸ் (1707 – ஜூலை 29, 1751) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் பொறியாளரும் ஆவார். துப்பாக்கியின் குழல், அதில் இடப்படும் வெடிமருந்து, அதிலிருந்து வெளியேறும் குண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே தொகுதியாகக் கருதி, அளவீடுகள் மூலம் ஆராய்ந்தவர் இவர். 1742இல் வெளியான இவரது பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள் என்னும் நூல் நவீன எறியியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. குண்டின் வேகத்தை அளக்க உதவும் எறியியல் ஊசலை உருவாக்கியவரும் இவரே. வாழ்வின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகத் தமிழகத்துக்கு வந்த ராபின்ஸ், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

இளமைக் காலம்

ராபின்ஸ் 1707ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜான் ராபின்ஸ் வசதி குறைந்த தையற்காரர். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர்கள் போரையும் ஆயுதம் ஏந்துவதையும் ஏற்காதவர்கள். அத்தகைய குடும்பத்தில் பிறந்தவரே பிற்காலத்தில் போர்க்கருவிகளின் அறிவியலுக்கு அடித்தளம் இட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இளமையிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கிய ராபின்ஸ் பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை. இவர் எழுதிய கணிதத் தாள் ஒன்று லண்டனில் இருந்த மருத்துவர் ஹென்றி பெம்பர்ட்டனின் பார்வைக்குச் சென்றது. பெம்பர்ட்டன் ஐசாக் நியூட்டனின் பிரின்சிப்பியா நூலின் மூன்றாம் பதிப்பைத் தயாரிக்கும் பணியில் இருந்தவர். அவரது ஊக்கத்தால் ராபின்ஸ் லண்டனுக்குச் சென்று, ஆர்க்கிமிடீஸ் முதலிய பண்டைய கிரேக்க அறிஞர்களின் நூல்களையும் நியூட்டனின் நூல்களையும் கற்றார். காலப்போக்கில் குவேக்கர்களுக்கே உரிய எளிய உடையையும் வழக்கங்களையும் கைவிட்டார்.

கணிதப் பணிகள்

லண்டனில் ராபின்ஸ் மாணவர்களுக்குத் தனியாகக் கணிதம் கற்பித்து வாழ்க்கை நடத்தினார். நியூட்டனின் கணிதக் கூற்று ஒன்றுக்கு இவர் அளித்த நிறுவல் 1727இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியானது. அதே ஆண்டில் இவர் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது இவருக்கு வயது 20 அளவே ஆகும்.

1728இல் பொருள்களின் மோதல் குறித்து யோகான் பெர்னூலி வெளியிட்டிருந்த கருத்துகளை மறுத்து எழுதினார். 1734இல் ஆயர் ஜார்ஜ் பெர்க்லி, நியூட்டனின் நுண்கணிதம் தருக்க அடிப்படை அற்றது என்று வாதிட்டு நூல் எழுதியபோது, ராபின்ஸ் 1735இல் அதற்கு மறுப்பாக ஒரு நூலை வெளியிட்டார். எல்லை என்னும் கருத்தைக் கொண்டு நுண்கணிதத்தை விளக்கியது இந்நூலின் சிறப்பு ஆகும். 1739இல் லியோனார்டு ஆய்லரின் இயக்கவியல் நூலைக் குறைகூறியும் எழுதினார்.

ஒரே இடத்தில் இருந்து பாடம் சொல்லிக்கொடுப்பது இவரது இயல்புக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பாலங்கள், ஆலைகள், துறைமுகங்கள், சதுப்பு நில வடிகால்கள் முதலிய பொறியியல் பணிகளில் ஆர்வம் செலுத்தினார். ஃபிளாண்டர்சுக்குப் பயணம் செய்து அங்கிருந்த கோட்டைகளின் அமைப்பையும் ஆராய்ந்தார். அரசியலிலும் ஈடுபட்டு, தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலின் ஆட்சியை எதிர்த்துத் துண்டு நூல்கள் எழுதினார். வால்போல் பதவி விலகிய பின் அவரது நடவடிக்கைகளை விசாரிக்க நாடாளுமன்றம் அமைத்த குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தார்.

பீரங்கி இயலில் ஈடுபாடு

1741இல் இங்கிலாந்தின் உல்விச் என்னும் இடத்தில் அரச இராணுவக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. அங்குக் கோட்டையியல் பேராசிரியர் பதவியைப் பெற ராபின்ஸ் விரும்பினார். அதற்காகத் தயாரித்த பாடக் குறிப்புகளே பின்னர் பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள் நூலாக வளர்ந்தன. பதவி இவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அதன்பொருட்டு எழுதப்பட்ட நூல் 1742இல் வெளியாகி ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது.

அக்காலத்தில் பீரங்கி இயல் இரண்டு வகையினரின் கையில் இருந்தது. ஒரு பக்கம் பட்டறிவை மட்டும் நம்பிய பீரங்கி வீரர்கள் இருந்தனர். மறுபக்கம் கலிலியோ கண்ட பரவளையப் பாதையைத் தாளில் வரைந்த கணிதவியலாளர்கள் இருந்தனர். குண்டு எவ்வளவு வேகத்தில் குழலை விட்டுச் செல்கிறது என்பதை இருவருமே அறியார். வேகம் தெரியாமல் மருந்தின் அளவு சரியா, குழலின் நீளம் போதுமா, குண்டு குழலுக்குப் பொருந்துகிறதா என்னும் கேள்விகளுக்கு விடை காண இயலாது. இந்த இடைவெளியை ராபின்ஸ் நிரப்பினார்.

பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள்

வெடிமருந்தின் ஆற்றல்

இந்நூலின் முதற்பகுதி குழலுக்கு உள்ளே நிகழ்வதைப் பற்றியது. கருமருந்து எரியும்போது காற்றைப் போன்ற வளிமம் ஒன்று வெளிப்படுகிறது. அதன் அழுத்தமே குண்டைத் தள்ளுகிறது. இந்த வளிமம் சாதாரண வெப்பநிலையில் மருந்தின் கன அளவைப் போல் 244 மடங்கு இடத்தை நிரப்பும் என ராபின்ஸ் சோதனை மூலம் கண்டார். எரியும்போது ஏற்படும் வெப்பத்தையும் சேர்த்து, குழலின் அடியில் தோன்றும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 1,000 மடங்கு எனக் கணக்கிட்டார். பிற்கால ஆய்வுகள் உண்மையான அழுத்தம் இதைவிட அதிகம் எனக் காட்டின.

குண்டு குழலில் முன்னேறும்போது வளிமம் விரிவடைவதால் அழுத்தம் படிப்படியாகக் குறைகிறது. பாயிலின் விதியையும் நியூட்டனின் முறையையும் பயன்படுத்தி, மருந்தின் அளவு, குழலின் நீளம், குழலின் உள்விட்டம், குண்டின் எடை ஆகியவை தெரிந்தால் குண்டு வெளியேறும் வேகத்தைக் கணக்கிடும் வழியை ராபின்ஸ் வகுத்தார். மருந்தை இரு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காகாது என்பதும், குழலை நீட்டுவதால் கிடைக்கும் பயன் நீளம் கூடக்கூடக் குறைந்துகொண்டே வரும் என்பதும் இதிலிருந்து தெளிவாயின.

குண்டு நகரத் தொடங்கும் முன்பே மருந்து முழுவதும் எரிந்து முடிந்துவிடுகிறது என்பது இவர் எடுத்துக்கொண்ட எளிமைப்படுத்தல் ஆகும். மருந்து எரிவதற்கும் நேரம் பிடிக்கும் என்பதும், மருந்துத் துகளின் பருமன் அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பதும் பின்னர் வந்தவர்களால் விளக்கப்பட்டன.

எறியியல் ஊசல்

கணக்கிட்ட வேகம் சரியா எனச் சோதிக்க ராபின்ஸ் உருவாக்கிய கருவியே எறியியல் ஊசல் ஆகும். மூன்று கால்கள் கொண்ட சட்டம் ஒன்றிலிருந்து இரும்புத் தகடு ஒன்று ஊசல்போல் தொங்கவிடப்பட்டது. அதன் முகப்பில் தடித்த மரக்கட்டை பொருத்தப்பட்டது. துப்பாக்கியிலிருந்து வரும் குண்டு மரத்தில் புதைந்து ஊசலைப் பின்னோக்கித் தள்ளும். ஊசலின் அடியில் கட்டப்பட்ட நாடா எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது என்பதைக் கொண்டு ஊசல் எவ்வளவு உயர்ந்தது என்பதை அறியலாம். அதிலிருந்து ஊசலின் வேகத்தையும், உந்த அழிவின்மை விதியின்படி குண்டின் வேகத்தையும் கணக்கிடலாம்.

ராபின்ஸின் ஊசல் சுமார் 56 பவுண்டு எடை கொண்டது. குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே குண்டு புதைந்தபின் மொத்த எடை குண்டின் எடையைப் போல் ஏறக்குறைய 675 மடங்கு ஆகிறது. ஊசலின் வடிவத்தைக் கருதாமல் எளிய மதிப்பீடாகச் சொன்னால், வினாடிக்கு 518 மீட்டர் வேகத்தில் வரும் குண்டு ஊசலுக்கு வினாடிக்கு 77 சென்டிமீட்டர் வேகத்தை அளிக்கும். ஊசல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரும். கண்ணுக்குப் புலப்படாத வேகம், அளவுகோலால் அளக்கக்கூடிய சிறு உயரமாக மாறிவிடுகிறது. இதுவே இக்கருவியின் நுட்பம் ஆகும். இன்றும் பள்ளி, கல்லூரி இயற்பியல் பாடங்களில் இவ்வூசல் இடம்பெறுகிறது.

45 அங்குல நீளமுள்ள மஸ்கட் துப்பாக்கிக் குழலில், முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டின் எடையில் பாதியளவு மருந்தை இட்டுச் சுட்டால், குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 1,700 அடி வேகத்தில் வெளியேறுகிறது என ராபின்ஸ் கண்டார். கணக்கீடும் அளவீடும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

காற்றின் தடை

ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டு, வழியில் குண்டு எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதையும் ராபின்ஸ் அளந்தார். முடிவு அக்காலத்தவருக்கு வியப்பூட்டியது. வினாடிக்கு 1,700 அடி வேகத்தில் செல்லும் குண்டு 45 பாகைக் கோணத்தில் சுடப்பட்டால், பரவளையக் கொள்கையின்படி சுமார் 17 மைல் செல்ல வேண்டும். ஆனால் உண்மையில் அது அரை மைல் கூடச் செல்வதில்லை. காற்று அந்தக் குண்டின் மீது செலுத்தும் தடை, தொடக்கத்தில் குண்டின் எடையைப் போல் ஏறக்குறைய 120 மடங்கு இருப்பதே இதற்குக் காரணம். அதுவரை காற்றின் தடை புறக்கணிக்கத்தக்க சிறு அளவு என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரெனப் பெருகுவதையும் இவர் கவனித்தார். ஒலித்தடை என இருபதாம் நூற்றாண்டு வானூர்திப் பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கலின் முதல் பதிவு இது எனலாம். குறைந்த வேகங்களில் காற்றின் தடையை அளப்பதற்காக, விழும் எடையால் சுழலும் நீண்ட கரம் ஒன்றையும் இவர் அமைத்தார். காற்றுச் சுரங்கம் உருவாவதற்கு முன்பு வானியக்கவியல் ஆய்வுகளுக்கு இத்தகைய சுழல்கரங்களே பயன்பட்டன.

காற்றின் தடை குறித்த ஆய்வுகளுக்காக ராயல் சொசைட்டி 1746ஆம் ஆண்டுக்கான கோப்ளி பதக்கத்தை ராபின்ஸுக்கு வழங்கியது.

இந்த முடிவுகளிலிருந்து ராபின்ஸ் நடைமுறைக்கு உரிய பாடம் ஒன்றையும் வகுத்தார். குழலில் அளவுக்கு மீறி மருந்தைத் திணிப்பதால் பயன் இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் வேகத்தைக் காற்று விரைவில் விழுங்கிவிடும். மாறாக, அளவான மருந்தும் குழலுக்குப் பொருந்திய குண்டுமே சிறந்த பலனைத் தரும். குண்டுக்கும் குழலின் உட்சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாக வளிமம் வீணாக வெளியேறுவதையும் இவர் சுட்டிக்காட்டினார்.

குண்டின் விலகல்

ஒரே துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, ஒரே அளவு மருந்திட்டுச் சுட்டாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. சில வலப்புறமும் சில இடப்புறமும் விலகின. உருண்டைக் குண்டு குழலின் சுவரில் உராய்ந்து ஒழுங்கற்ற முறையில் சுழல்வதும், அச்சுழற்சியால் காற்றின் அழுத்தம் ஒரு பக்கம் கூடுவதுமே காரணம் என ராபின்ஸ் விளக்கினார்.

இதை மெய்ப்பிக்க இவர் செய்த சோதனை எளிமையானது. மஸ்கட் குழல் ஒன்றின் வாய்ப்பகுதியை இடப்புறமாகச் சற்று வளைத்தார். பாதையில் மெல்லிய தாள் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். குழலின் வளைவுக்கு ஏற்பக் குண்டு முதலில் இடப்புறம் சென்றது. பின்னர் திரும்பி வலப்புறம் வளைந்தது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டு வந்த குண்டு எந்தத் திசையில் சுழல வேண்டுமோ அந்தத் திசைக்கு ஏற்பவே விலகலும் அமைந்தது.

சுழலும் பந்து காற்றில் வளைந்து செல்லும் இவ்விளைவு இன்று மாக்னஸ் விளைவு எனப்படுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் மாக்னஸ் இதை ஆராய்ந்தது 1850களில்தான். ராபின்ஸ் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டியதால், சிலர் இதை ராபின்ஸ் விளைவு என்றும் அழைக்கின்றனர். கிரிக்கெட்டில் சுழற்பந்து வீச்சாளரின் பந்து தரையில் படுவதற்கு முன்பே காற்றில் விலகுவதும் இவ்விளைவினால்தான்.

புரியிட்ட குழல்கள்

ஒழுங்கற்ற சுழற்சியே விலகலுக்குக் காரணம் என்றால், ஒழுங்கான சுழற்சியை அளித்து அதைத் தடுக்கலாம். புரியிட்ட குழல், அதாவது உட்சுவரில் திருகுபோல் பள்ளங்கள் வெட்டப்பட்ட குழல், இதையே செய்கிறது. இத்தகைய ரைஃபிள் துப்பாக்கிகள் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் வேட்டைக்காரர்களிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. ஆனால் அவை ஏன் துல்லியமாகச் சுடுகின்றன என்பதற்குச் சரியான விளக்கம் இருக்கவில்லை. குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வதால் எந்தப் பக்கமும் விலகுவதில்லை என்னும் விளக்கத்தை ராபின்ஸ் 1747 ஜூலையில் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் அளித்தார்.

அக்கட்டுரையின் பெரும்பகுதி புரியிட்ட குழலுக்கு ஏற்றவாறு குண்டைக் கெட்டிக்கும் முறைகளைப் பற்றியது. அவர் விவரித்த முறைகள் வருமாறு:

1. குழலின் விட்டத்தைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டை இரும்புக் கோலாலும் சுத்தியாலும் அடித்து உள்ளே செலுத்துதல். ஈயம் மென்மையானதால் பள்ளங்களின் வடிவத்தை ஏற்கும். ஆனால் இதற்கு நேரமும் உழைப்பும் மிகுதியாகத் தேவை.

2. எண்ணெய்ப் பசை தடவிய மெல்லிய தோல் அல்லது துணித் துண்டில் குண்டை வைத்து அழுத்துதல். தோல் பள்ளங்களை நிரப்பிக் குண்டைப் பற்றிக்கொள்ளும். குண்டு உருக்குலையாமல் எளிதாக உள்ளே செல்லும்.

3. குழலின் வாய்வழியாக அன்றிப் பின்பகுதியில் திருகு மூடி ஒன்றைத் திறந்து மருந்தையும் குண்டையும் இடுதல். குண்டு சற்றுப் பெரியதாக இருந்தாலும் சுடும்போது மருந்தின் விசையே அதைப் பள்ளங்களுக்குள் தள்ளிவிடும்.

மூன்றாவது முறையையே ராபின்ஸ் சிறந்தது எனக் கருதினார். உருண்டைக்குப் பதிலாக முட்டை வடிவக் குண்டுகளைப் பயன்படுத்தலாம் எனவும் இவர் கருத்துத் தெரிவித்தார். புரியிட்ட துப்பாக்கிகளைச் செம்மைப்படுத்தித் தன் படைக்கு முதலில் அளிக்கும் நாடு, துப்பாக்கியை முதன்முதலில் கண்டறிந்தவர்கள் பெற்றதற்கு ஒப்பான மேலாண்மையைப் பெறும் என்பது இவரது கணிப்பு ஆகும்.

கணிப்பு நிறைவேற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. எளிதாக உள்ளே செல்லும் குண்டு வெளியேறும்போது பள்ளங்களைப் பற்ற வேண்டும் என்னும் சிக்கலை, சுடும்போது அடிப்பகுதி விரிவடையும் மினியே குண்டு 1849 அளவில் தீர்த்தது. இவ்வகையைச் சேர்ந்த 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவும் குழலில் எளிதாகச் செல்வதற்காகக் கொழுப்புத் தடவப்பட்டிருந்தது. அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்று பரவிய செய்தி 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. குண்டைக் குழலுக்குப் பொருத்துதல் என்னும் பொறியியல் சிக்கல் இந்திய வரலாற்றில் இவ்வாறு இடம்பெற்றது.

ஆய்லரின் மொழிபெயர்ப்பு

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் ஆதரவில் பெர்லினில் பணியாற்றிய ஆய்லர், ராபின்ஸின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1745இல் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் தம் நூலைக் கடுமையாகக் குறைகூறியவரின் படைப்பையே ஆய்லர் மொழிபெயர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் சேர்த்த விளக்கவுரை மூல நூலைவிடப் பன்மடங்கு பெரியது.

எல்லாவற்றிலும் ஆய்லர் உடன்படவில்லை. சுழற்சியால் குண்டு விலகுகிறது என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. குண்டின் ஒழுங்கற்ற வடிவமே காரணம் எனக் கருதினார். இதில் ராபின்ஸின் கருத்தே சரி எனப் பின்னர் நிறுவப்பட்டது. ஆய்லரின் விளக்கவுரையுடன் கூடிய நூல் 1777இல் ஆங்கிலத்திலும், 1783இல் லொம்பார்டு என்பவரால் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்டது. லொம்பார்டு ஒக்சோன் பீரங்கிப் பள்ளியில் கற்பித்தவர். இளம் நெப்போலியன் அங்கு அவரிடம் பயின்றார்.

கடற்படைத் தொடர்பு

1747இல் ராபின்ஸ், போர்க்கப்பல்களில் உள்ள பீரங்கிகளை அதே எடையும் பெரிய வாயும் கொண்டவையாக மாற்ற வேண்டும் எனப் பரிந்துரைத்தார். இக்கருத்து 1770களில் உருவான கரோனேட் என்னும் குட்டைப் பீரங்கிக்கு முன்னோடியாக அமைந்தது.

கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சன் இவரது ஆதரவாளராக இருந்தார். ஆன்சனின் உலகப் பயணம் குறித்து 1748இல் வெளியான நூல் கப்பலின் சமய ஊழியர் ரிச்சர்டு வால்டரின் பெயரில் வந்தது. அந்நூலை எழுதியதில் ராபின்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. 1749இல் லண்டனில் அமைதி உடன்படிக்கையைக் கொண்டாட நடந்த வாண வேடிக்கையின்போது வாணங்கள் எழும்பும் உயரத்தை அளந்து ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்.

இந்தியப் பயணமும் மறைவும்

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் உடன்படிக்கையின்படி அது ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. எளிதில் வீழ்ந்த கோட்டைகளைப் பலப்படுத்த ஒரு வல்லுநர் தேவை என உணர்ந்த கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. அவர் 1749 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு 1750 ஜூலையில் புனித டேவிட் கோட்டையை அடைந்தார். 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கடற்கரையில் கம்பெனியின் தலைமையிடம் இக்கோட்டையே ஆகும். ஜான் கால் என்னும் இளைஞர் ராபின்ஸின் உதவியாளராக உடன் வந்தார்.

அது கர்நாடகப் போர்களின் காலம். ஆற்காட்டு நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் போரிட்டனர். புதுச்சேரியில் இருந்த டூப்ளேயின் பிரெஞ்சுப் படை ஒருவரையும் ஆங்கிலேயர் மற்றவரையும் ஆதரித்தனர். இச்சூழலில் ராபின்ஸ் புனித டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் புதிய அரண் திட்டங்களை வகுத்தார்.

தென்னாற்காட்டின் வெப்பம் அவரது உடல்நலத்துக்கு ஏற்கவில்லை. வந்த சில மாதங்களிலேயே, 1750 செப்டம்பரில், கடும் காய்ச்சலுக்கு உள்ளானார். அதிலிருந்து மீண்டாலும் உடல் நலிவுற்றது. 1751 ஜூலை 29 அன்று புனித டேவிட் கோட்டையில் காலமானார். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது கையில் பேனாவுடன் உயிர் பிரிந்ததாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பின் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார்.

ராபின்ஸின் திட்டங்களை நிறைவேற்றும் பொறுப்பு பின்வந்தவர்களுக்கு ஆயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். அதே ஆண்டின் இறுதியில் அவர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். ஆனால் 1759இல் பின்வாங்க நேர்ந்தது. அம்முற்றுகையில் பொறியாளராக இருந்தவர் ராபின்ஸின் பழைய உதவியாளர் ஜான் கால். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் இன்று கோட்டையின் சிதைவுகளே எஞ்சியுள்ளன.

கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி

ராபின்ஸ் மறைந்த கடலூர், பின்னர் தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராயிற்று. கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் அம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில் அமைந்திருந்தன. 1993இல் இப்பகுதி விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. கள்ளக்குறிச்சிக்கு அருகில் உள்ள தியாகதுருகம் மலைக்கோட்டை, பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்ற முயன்ற இடங்களுள் ஒன்று.

ராபின்ஸ் ஆராய்ந்த வகைத் துப்பாக்கி கல்வராயன் மலையில் இருபத்தோராம் நூற்றாண்டிலும் காணப்படுகிறது. நாட்டுத் துப்பாக்கி எனப்படும் இது ஒற்றைக் குழலும் புரியற்ற உட்சுவரும் கொண்டது. குழல்வாய் வழியாகக் கரிமருந்தை இட்டு, தக்கை வைத்து, பால்ரஸ் எனப்படும் சிறு குண்டுகளைப் போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். ஒரு முறை சுட்டபின் மீண்டும் முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். மலைவாழ் மக்கள் வேட்டைக்கும் பயிரைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்கும் இதைப் பயன்படுத்தி வந்தனர்.

இத்துப்பாக்கியின் குறைகளை ராபின்ஸின் கோட்பாடுகள் விளக்குகின்றன. தக்கை தளர்ந்திருந்தால் வளிமம் பக்கவாட்டில் கசிந்து விசை குறைகிறது. சிறு குண்டுகள் எடை குறைந்தவை என்பதால் காற்றின் தடையால் விரைவில் வேகம் இழக்கின்றன. சுழற்சி ஒழுங்காக இல்லாததால் சிதறுகின்றன. இக்குறைகளை ஈடுகட்ட மருந்தைக் கூட்டினால், குழலின் அடியில் அழுத்தம் பெருகிக் குழலே வெடிக்கக்கூடும். இரும்புக் குழாயால் செய்யப்பட்ட குழலில் இந்த அபாயம் இன்னும் அதிகம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் தயாரிப்பதும் குற்றம் ஆகும். இப்பகுதியில் உரிமம் இல்லாத துப்பாக்கிகளைக் காவல்துறையினர் பறிமுதல் செய்வதும், தாமாக ஒப்படைக்குமாறு கிராமங்களில் அறிவிப்பதும் உண்டு.

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில்

ராபின்ஸ் தொடங்கிவைத்த அணுகுமுறை இன்று குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் தெளிவாகக் காணப்படுகிறது. சில நாடுகளில் வீரர்கள் சட்டத்துக்கு உட்பட்டுத் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கின்றனர். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் ஏற்கும் போட்டிக் கைத்துப்பாக்கிகளில் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது. எனவே மெதுவாக எரியும் மருந்தை இட்டால் அது எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடும். குழலின் நீளத்துக்கேற்ற மருந்து, புரியின் முறுக்குக்கேற்ற நீளமும் எடையும் கொண்ட குண்டு, உள்விட்டத்துக்கேற்ற குண்டின் விட்டம் ஆகியவற்றைத் தேர்ந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் வேகத்தை அளந்து பார்க்கின்றனர். ஊசலின் இடத்தை இன்று மின்னணு வேகமானிகள் பிடித்துள்ளன.

ஒலிம்பிக்கில் 2016 வரை இடம்பெற்ற 50 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் பயன்படும் .22 தோட்டாவின் எரியூட்டும் மருந்து தோட்டாவின் விளிம்பிலேயே அமைந்திருப்பதால் அதை மீண்டும் நிரப்பப் பயன்படுத்துவதில்லை. எனவே அவ்வீரர்கள் ஆலையில் தயாரான பல தொகுதித் தோட்டாக்களைத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, மிகக் குறைவாகச் சிதறும் தொகுதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரே வகைத் தோட்டா இரு குழல்களில் இரு வகையாக நடந்துகொள்கிறது என்பதே இதன் அடிப்படை.

மதிப்பீடு

ராபின்ஸின் நூல்களும் கட்டுரைகளும் அவரது நண்பர் ஜேம்ஸ் வில்சனால் தொகுக்கப்பட்டு 1761இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன. ராபின்ஸுக்குப் பதவி மறுத்த உல்விச் கல்விக்கழகத்திலேயே பின்னர் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஹட்டன், பெரிய எறியியல் ஊசல்களைக் கொண்டு பீரங்கிக் குண்டுகளின் வேகத்தை அளந்தார். அவரே 1805இல் ராபின்ஸின் நூலைப் புதிதாகப் பதிப்பித்தார்.

தாம் கண்டறிந்த விளைவு மற்றொருவர் பெயரால் அறியப்படுவதும், பரிந்துரைத்த துப்பாக்கி தம் காலத்தில் படைகளால் ஏற்கப்படாததும் ராபின்ஸின் வாழ்வில் காணப்படும் முரண்கள். அவரது அறிவு தமிழகத்தில் ஒரு வணிகக் கம்பெனியின் ஆட்சி காலூன்றுவதற்குப் பயன்பட்டது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. எனினும், ஊகத்தின் இடத்தில் அளவீட்டை வைத்ததே இவரது நிலைத்த பங்களிப்பு ஆகும்.

காலக்கோடு

1707 – பாத் நகரில் பிறப்பு
1727 – ராயல் சொசைட்டி உறுப்பினர்
1735 – நுண்கணிதம் குறித்த நூல்
1742 – பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள்
1745 – ஆய்லரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு
1746 – கோப்ளி பதக்கம்
1747 – புரியிட்ட குழல்கள் குறித்த கட்டுரை
1750 – புனித டேவிட் கோட்டைக்கு வருகை
1751 – மறைவு
1761 – படைப்புகளின் தொகுப்பு வெளியீடு

இவற்றையும் பார்க்க

எறியியல்
மாக்னஸ் விளைவு
புனித டேவிட் கோட்டை
கர்நாடகப் போர்கள்
கல்வராயன் மலை